சத்தியம் செய்யும் அளவுக்கு நினைவிருக்கிறதா?



பணத் தகராறு ஒன்று ஜமாஅத் பெரியவர்கள் முன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம்பியின் மகள் திருமணத்திற்கு அண்ணன் இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். “கடன் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு வருடத்தில் தந்துவிடுகிறேன் என்று அவனும் ஒப்புக்கொண்டான்” என்கிறார் அண்ணன். “திருப்பித் தர வேண்டாம், பெரிய வாப்பாவின் பங்காக இருக்கட்டும் என்று நீங்கள்தாமே சொன்னீர்கள், காக்கா!” என்கிறார் தம்பி. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இருவரும் ஐவேளைத் தொழுகையாளிகள். இருவரும் பொய் பேசி எவரும் கேட்டதில்லை. இருவருமே சத்தியம் செய்யத் தயாராக நிற்கிறார்கள்.

கூடியிருப்பவர்களின் மனத்தில் ஒரே கேள்விதான் எழும்: இவர்களில் பொய்யர் யார்? மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு என்பது பெரும்பாலும் எவருக்கும் தோன்றுவதில்லை. இருவருமே தங்கள் உள்ளத்தில் இருப்பதை உள்ளபடியே சொல்கிறார்கள். அந்த உள்ளத்தில் இருப்பதுதான், ஐந்தாண்டுக் காலத்தில், நடந்ததிலிருந்து விலகிப் போயிருக்கிறது. இப்படி நேர்வது அபூர்வமன்று. மனித நினைவு வேலை செய்யும் முறையே இதற்கு இடம் தருகிறது. அந்த முறை என்ன என்பதை உளவியல் அறிஞர்கள் ஏறத்தாழ 140 ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சிறு வேலை. கீழே உள்ள சொற்களை ஒரே ஒரு முறை நிதானமாக வாசித்துவிட்டு மேலே செல்லுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

படுக்கை, ஓய்வு, விழிப்பு, களைப்பு, கனவு, இரவு, போர்வை, தலையணை, குறட்டை, கொட்டாவி, அமைதி, சோம்பல்.

இதைப் பற்றிப் பின்னர் கேட்போம்.

மறதியை அளந்தவர்

நாம் காண்பதும் கேட்பதும் எல்லாம் நினைவில் தங்குவதில்லை. கவனம் செலுத்தியவை மட்டுமே மனத்தின் முன்றிலுக்கு வருகின்றன. அங்கேயும் இடம் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளை மனம் தாங்கும் என்று அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் அதனை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை ஒருவருக்குச் சொல்லும்போது நாம் ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் வரை எண் மனத்தில் நிற்கும். நடுவில் ஒருவர் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் போயிற்று.

இந்த முன்றிலைத் தாண்டி உள்ளே சென்றவையாவது நிலைக்கின்றனவா? இதனை முதன்முதலில் எண்ணிக்கையால் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். சோதனை செய்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. பொருளுள்ள சொற்களை எடுத்துக்கொண்டால் ஏற்கெனவே உள்ள பழக்கம் உதவிவிடும் என்பதால், எந்தப் பொருளும் இல்லாத அசைகளைத் தொகுத்து அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர் வெவ்வேறு கால இடைவெளிகளில் அதே பட்டியலை மீண்டும் மனப்பாடம் செய்து, இம்முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். முதல் முறை நூறு நிமிடம் தேவைப்பட்ட இடத்தில் மறுநாள் அறுபத்தாறு நிமிடம் போதுமானதாயின், மிச்சம் 34 விழுக்காடு. அந்த அளவு நினைவு உள்ளே எங்கோ தங்கியிருக்கிறது என்று பொருள்.

1885-இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: இருபது நிமிடம் கழித்து மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. முப்பத்தோரு நாள் கழித்தும் 21. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் ஏறத்தாழ இதே வடிவம்தான் கிடைத்தது.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். மறதி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பறிபோகிறது; பின்னர் வேகம் தணிந்து, எஞ்சியது நீண்ட நாள் தங்குகிறது. ஆகவே, படித்த அன்றே ஒரு முறை திரும்பிப் பார்ப்பதற்கு இருக்கும் மதிப்பு, பதினைந்து நாள் கழித்துப் பதறிப் புரட்டுவதற்கு இல்லை. பரீட்சைக்கு முந்திய இரவில் கண் விழிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தூக்கத்தின்போது மூளை அன்றைய பாடத்தை உறுதிப்படுத்துகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெளிவான உண்மை. அந்தத் தூக்கத்தையும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

புத்தகத்தை மூடி வைத்தவர்கள்

பாடத்தை நினைவில் நிறுத்த எது சிறந்த வழி? திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் என்று பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் இதனைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு சிறு கட்டுரையை வாசித்தார்கள். ஒரு வகையில் அதே கட்டுரையை மறுமுறையும் வாசிக்கச் செய்தார்கள். மற்றொரு வகையில் கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதச் சொன்னார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இருமுறை வாசித்தவர்களே முந்தினர்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நிலைமை தலைகீழாயிற்று. இருமுறை வாசித்தவர்களுக்கு 42. மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. வாசிக்கும்போது ‘தெரிந்துவிட்டது’ என்ற உணர்வு எளிதில் வருகிறது. அந்த உணர்வு நம்மை ஏமாற்றுகிறது. உள்ளிருந்து வெளியே இழுத்தெடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை வலுவாக்குகிறது.

இந்தச் செய்தி ஆய்வுக்கூடத்திற்கு வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். நம் ஹிஃப்ழ் மத்ரஸாக்களுக்குப் புதிதன்று. அங்கே ஒரு மாணவர் நாள்தோறும் மூன்று வகைப் பாடங்களைச் சுமக்கிறார். அன்றைய புதிய பாடம், அண்மைய நாட்களின் பாடம், முன்பு முடித்த பழைய ஜுஸ்உ. எல்லாவற்றையும் முஸ்ஹஃபை மூடிவிட்டு உஸ்தாதின் முன் ஓதிக் காட்ட வேண்டும். ஹாபிழ் ஆன பிறகும் ஓய்வில்லை. இருவர் அமர்ந்து ஒருவருக்கொருவர் ஓதிக் காட்டுகிறார்கள். தராவீஹ் தொழவைக்கும் ஹாபிழுக்குப் பின்னால் மற்றொரு ஹாபிழ் நின்று கவனித்துக்கொண்டிருக்கிறார். இடைவெளி விட்டு மீட்டெடுத்தல் என்று உளவியல் இன்று அழைப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு; கட்டுரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும். மாணவர் ஓரெழுத்தைப் பிழையாக ஓதினால் உஸ்தாத் உடனே திருத்துகிறார். திருத்தாமல் விட்டால் என்னவாகும்? பிழையும் ஒவ்வொரு முறை ஓதும்போதும் சேர்ந்தே வலுவடையும். பல ஆண்டுகள் தவறாகவே ஓதிப் பழகிய ஒரு சிறு சூராவைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது பெரியவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் எந்த இமாமுக்கும் தெரியும். மீட்டெடுத்தல் சரியானதை மட்டும் தேர்ந்து வலுவாக்குவதில்லை. எதை மீட்டெடுக்கிறோமோ அதனை வலுவாக்குகிறது.

உடனுக்குடன் மறந்த மனிதர்

நினைவு மூளையில் எங்கே இருக்கிறது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா, பேணிக் காக்கும் ஆற்றலை மூளையின் பின்னறையில் வைத்து விளக்கினார். இடம் சரியன்று. ஆயினும் உணரும் ஆற்றல் வேறு, உணர்ந்ததைப் பேணும் ஆற்றல் வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் மதிக்கத்தக்க பார்வை. அப்பிரிவினையை உலகமே நம்பும்படி மெய்ப்பித்தது ஓர் அறுவை சிகிச்சையின் துயர விளைவு.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் சிறு வயது முதல் கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இரு பக்கவாட்டுப் பகுதிகளின் உட்புறத்திலிருந்து ஒரு பகுதியை வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் வெட்டி நீக்கினார். கடற்குதிரையைப் போன்ற வடிவம் உடையதால் ‘ஹிப்போகாம்பஸ்’ எனப்படும் உறுப்பின் பெரும்பகுதியும் அதில் போயிற்று. வலிப்பு குறைந்தது. அறிவுக்கூர்மை குறையவில்லை. இளமைக் கால நினைவுகளும் இருந்தன. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனத்தில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டு வெளியே சென்று திரும்பினால், புதியவரைக் காண்பதுபோல் வரவேற்பார். அரை நூற்றாண்டுக் காலம் தம்மை ஆராய்ந்துவந்த பிரெண்டா மில்னர் என்ற பெண் அறிஞரையும் ஒவ்வொரு முறையும் முதன்முறையாகச் சந்திப்பவராகவே அவர் வாழ்ந்தார். 2008-இல் 82-ஆம் வயதில் இறந்தார்.

மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். முதல் நாள் கை தடுமாறியது. மூன்றாம் நாள் தேர்ந்தவர்போல் வரைந்தார். ஆனால் இதற்கு முன் அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! நிகழ்ச்சிகளின் நினைவு ஒன்று, கைத்திறனின் நினைவு வேறொன்று என்பது இதனால் தெளிவாயிற்று. சைக்கிள் ஓட்டுவது, தையல் இயந்திரத்தை மிதிப்பது ஆகியவை எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இந்த இடத்தில் நம் வீட்டு முதியவர்களை நினைத்துப் பாருங்கள். அல்ஸைமர் எனும் மறதி நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களுள் ஒன்று இந்த ஹிப்போகாம்பஸும் அதன் அண்டைப் பகுதியும்தான். அதனால்தான் பெத்தும்மாவுக்குக் காலையில் பசியாறியது நினைவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம் திருமணத்திற்கு வந்தவர்களின் பெயர்கள் நினைவிருக்கின்றன. “பழசு மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது, இப்போது நடப்பதுதான் மறக்கிறதாம்!” என்று மருமக்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். அவர் நடிக்கவில்லை. பழையது பதிந்த காலத்தில் பதிக்கும் உறுப்பு நலமாக இருந்தது. இப்போது நலமாக இல்லை. “இப்போதுதானே சொன்னேன்” என்று கடிந்துகொள்வதால் அவருக்கு அந்தச் செய்தி பதியப்போவதில்லை. கடிந்துகொண்டார்கள் என்ற மன வருத்தம் மட்டும், காரணம் தெரியாமலேயே, வெகுநேரம் தங்கக்கூடும். அவர் பத்தாவது முறை கேட்கும்போதும் அவருக்கு அது முதல் முறைதான்.

நினைவு புதிதாகக் கட்டப்படுகிறது

இப்போது தொடக்கத்தில் வாசித்த பட்டியலுக்கு வருவோம். திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்: ‘கனவு’ அதில் இருந்ததா? ‘மேசை’ இருந்ததா? ‘தூக்கம்’ இருந்ததா? ‘போர்வை’ இருந்ததா?

‘தூக்கம்’ இருந்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் இப்போது திரும்பிச் சென்று பார்க்கலாம். அது அங்கே இல்லை. படுக்கை, கனவு, குறட்டை என்று எல்லாச் சொற்களும் அதனையே சுற்றி நின்றதால், உங்கள் மனமே அதனைச் சேர்த்துக்கொண்டது. 1995-இல் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ரோடிகரும் மெக்டெர்மாட் என்பவரும் இத்தகைய சோதனையைச் செய்தபோது, கேட்காத சொல்லைக் கேட்டதாக ஏறத்தாழப் பாதித் தடவைகளில் மாணவர்கள் எழுதினார்கள். அவர்கள் அறிவாளி மாணவர்கள். பொய் சொல்ல அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை.

நினைவு என்பது ஒலிநாடாவைப் போன்றது, பொத்தானை அழுத்தினால் பதிந்தது அப்படியே ஒலிக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரடெரிக் பார்ட்லெட் 1932-இல் எழுதிய நூலில் இந்த நம்பிக்கையை அசைத்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குக் கொடுத்து, பின்னர் அதனைத் திரும்பச் சொல்லச் செய்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை குறுகியது, புரியாதவை உதிர்ந்தன, குறும்படகு அவர்கள் அறிந்த சாதாரணப் படகாயிற்று. கேட்டவர்கள் கதையைத் தங்கள் உலகத்திற்குப் பொருந்தும்படி, அறியாமலேயே, திருத்திக்கொண்டார்கள். நமக்குக் கிடைப்பவை சில துண்டுகள் மட்டுமே. இடைவெளிகளை நம் பொது அறிவாலும் விருப்பத்தாலும் பின்னர் கேட்ட பேச்சுகளாலும் நிரப்பிக் கட்டுகிறோம். எது துண்டு, எது நிரப்பியது என்று பிரித்தறியும் அடையாளம் எதுவும் அதில் ஒட்டப்பட்டிருப்பதில்லை.

கேட்கும் கேள்வி கூட நினைவை மாற்றும். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1974-இல் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தின் படத்தைக் காட்டினார். ‘கார்கள் ஒன்றையொன்று தொட்டபோது என்ன வேகத்தில் சென்றன?’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 32 மைல் என்றார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 மைல் என்றார்கள். படம் ஒன்றுதான், சொல்தான் வேறு. மற்றொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார். ‘நொறுங்க மோதியபோது’ என்ற சொல்லைக் கேட்டிருந்த ஐம்பது பேரில் 16 பேர் ‘பார்த்தோம்’ என்றார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்டிருந்த ஐம்பது பேரில் 7 பேர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

‘அது கார்ப் படம், அதிர்ச்சியான நிகழ்ச்சியாக இருந்தால் மறக்குமா?’ என்று கேட்கலாம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானில் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தியை எங்கே, யாருடன் இருந்தபோது, எப்படி அறிந்தீர்கள் என்று தம் மாணவர்களை எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். 11 பேர் சொன்னது ஆரம்பம் முதல் இறுதி வரை தவறு. முழுவதும் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர் மட்டுமே. தவறாகச் சொன்னவர்களில் பலர் மிக உறுதியோடு இருந்தார்கள். அவர்களின் சொந்தக் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு எவருக்கும் திரும்பவில்லை.

உடலளவில் இது எப்படி நிகழ்கிறது? ஒரு நினைவு நீண்ட நாள் நிலைக்க வேண்டுமானால் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் மாற வேண்டும். அதற்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். இதனை ஒரு கடல் நத்தையில் விளக்கிக் காட்டியவர் எரிக் கேண்டல். அவர் 2000-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் கரீம் நாதிர் என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் எலிகளிடம் ஒன்றைக் கண்டனர். ஓர் ஒலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்ட எலிக்கு அந்த ஒலியை மீண்டும் கேட்கச் செய்து, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தினால் பயம் மறைந்துவிட்டது. ஒலியை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் செலுத்தினால் பயம் அப்படியே இருந்தது. உறுதியாகிவிட்ட நினைவும், மீட்டெடுக்கும்போது சற்று நேரம் இளகி, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது என்பதே இதன் பொருள். மனிதரிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

மத்ரஸா மாணவரை இங்கே மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நினைவும் ஒவ்வொரு முறை ஓதும்போதும் புதிதாகவே கட்டப்படுகிறது. ஆனால் அருகில் உஸ்தாத் இருக்கிறார். கையில் முஸ்ஹஃப் இருக்கிறது. பின்வரிசையில் மற்றொரு ஹாபிழ் இருக்கிறார். கட்டும்போது கல் விலகினால் உடனே எடுத்து வைக்கப்படுகிறது. திருமண வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சுக்கு அப்படி ஒரு மூலப்பிரதி எங்கே இருக்கிறது? அண்ணன் தம் மனைவியிடம் பத்து முறை சொன்னார். தம்பி தம் பிள்ளைகளிடம் பத்து முறை சொன்னார். இரு வீட்டிலும் கேட்டவர்கள் ஆமோதித்தார்கள். சொல்லச் சொல்ல இரண்டு வேறு நினைவுகள் இரண்டு வீடுகளில் இறுகின.

பத்தரை ஆண்டுச் சிறை

இதன் விலை சில வேளைகளில் பணத்தை விடப் பெரிது. 1984-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஜெனிஃபர் தாம்சன் என்ற கல்லூரி மாணவி தம் வீட்டிற்குள் புகுந்த ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த நேரத்திலும், இவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற உறுதியோடு அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். காவல்துறை காட்டிய புகைப்படங்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் ஆட்களை வரிசையில் நிறுத்தியபோதும் அவரையே காட்டினார். இரண்டிலும் இடம்பெற்றிருந்தவர் காட்டன் ஒருவர்தான். ‘புகைப்படத்தில் நீங்கள் காட்டியவரும் இவர்தான்’ என்று அவரிடம் சொல்லப்பட்டது. தயக்கம் நீங்கி உறுதி வந்தது.

1985-இல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1987-இல் நடந்த மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியான பாபி பூல் என்பவனையே அவர் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ‘இவனை நான் பார்த்ததே இல்லை’ என்றார் அப்பெண். இத்தனை காலத்தில் அவர் நினைவிலிருந்த முகம் காட்டனின் முகமாக மாறியிருந்தது. 1995-இல் மரபணுச் சோதனை பூலைக் காட்டிக்கொடுத்தது. பத்தரை ஆண்டுகள் சிறையில் இருந்த காட்டன் விடுதலையானார். ஜெனிஃபர் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், காட்டன் மன்னித்தார். பின்னர் இருவரும் சேர்ந்து சாட்சியங்களைப் பெறும் முறையை மாற்றக் கோரி மேடைதோறும் பேசினார்கள்.

அப்பெண் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. அக்கறையற்றவரும் அல்லர். அவரைப் போல் கவனித்துப் பார்த்த சாட்சிகள் அரிது. அவருடைய உறுதி, நடந்ததை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார் என்பதை மட்டும் காட்டவில்லை; இடையில் எத்தனை முறை அது ஆமோதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே காட்டியது. நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் எவராலும் பிரித்தறிய முடியவில்லை. 2007-இல் அதே வட கரோலினா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அடையாள அணிவகுப்பை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது. சாட்சி ஒருவரைக் காட்டியதும், எவ்வளவு உறுதி என்பதை அந்த இடத்திலேயே அவர் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நினைவின் இந்த இயல்பை நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிந்திருந்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஓர் அறிவிப்பாளர் நேர்மையானவரா என்பது ஒரு கேள்வி. அவருடைய ‘ளப்த்’, அதாவது கேட்டதைத் துல்லியமாகப் பேணும் ஆற்றல் எப்படி என்பது தனிக் கேள்வி. முதலாவதில் தேறியவர் இரண்டாவதில் தேறாமல் போகலாம். அவருடைய இறையச்சத்திற்கு அதனால் எந்தக் குறையும் சொல்லப்படுவதில்லை. உள்ளத்தால் பேணுவதையும் எழுத்தால் பேணுவதையும் வேறுபடுத்திப் பார்த்தார்கள். கூஃபாவைச் சேர்ந்த அதாஉ பின் அஸ்ஸாயிப் (ரஹ்) அவர்களுக்கு முதுமையில் நினைவு குழம்பியது. ஆகவே அதற்கு முன் அவரிடம் கேட்டவர்களின் அறிவிப்புகளையும், பின் கேட்டவர்களின் அறிவிப்புகளையும் பிரித்து எடை போட்டார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியே பேசுகிறது; மறதி நேரும் என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்படுபவர்களே நம்மில் அதிகம். தாளில் நான்கு வரி எழுதித் தேதியிட்டு இருவரும் ஒப்பமிட ஐந்து நிமிடம் போதும்.

ஏற்கெனவே தகராறாகிவிட்ட விவகாரத்தில், விசாரிக்கும் பெரியவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. இருவரையும் எதிரெதிரே அமர்த்தி வாதாட விடுவதற்கு முன், தனித்தனியே அவரவர் நினைவை எழுதி வாங்கலாம். ‘கடன் என்று சொன்னாரா இல்லையா?’ என்று கேட்பதை விட, ‘அன்று என்ன பேசினீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேட்கலாம். அந்த நாட்களில் எழுதிய வீட்டுக் கணக்குப் புத்தகமோ, வங்கிச் சீட்டோ, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதமோ இருக்கிறதா என்று தேடலாம்.

சிறு பிள்ளைகளிடம் கேட்கும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை. பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலை ஊகித்துக்கொள்வதில் அவர்கள் வல்லவர்கள். சொன்ன பதிலே பின்னர் அவர்களுக்கு நினைவாகிவிடும். பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் ‘அவன்தானே அடித்தான்?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள். அது சொன்னதை அதன் சொற்களிலேயே, அன்றைய தேதியோடு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.